ஏழு வயதுப் பிள்ளைக்கு என்பிஏ 2கே கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீடு. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. விடுமுறைக்கு வரும் கனடாச் சித்தப்பா பிளேஸ்டேஷன் 5 கொன்சோலுக்கான என்பிஏ 2கே டிஸ்க் ஒன்றைக் கொண்டுவருகிறார். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகளை வைத்து, வருடாவருடம் புதிய பதிப்பாக வரும் வீடியோ கேம் அது. பெட்டியில் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்ற முத்திரை இருக்கிறது. அதை நம்பிக் கொடுக்கலாமா, வேறு ஏதும் பார்க்க வேண்டுமா என்று தாய் கேட்கிறார்.

மகனுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த டிஸ்கில் இருப்பது ஒரு கேம் அல்ல, நான்கைந்து கேம். அவற்றில் ஒன்று ஏழு வயதுக்கு நன்றாகப் பொருந்தும். மற்றவை பன்னிரண்டு வயதுக்கே வேண்டாம் என்பேன். "இந்தக் கேம் நல்லதா?" என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது, "இதில் எந்தப் பகுதியை, எந்தப் பயனாளர் கணக்கில், யாரோடு விளையாடப் போகிறான்?" என்று கேட்டால்தான் கிடைக்கும்.

முதலில் முத்திரை. பெட்டி மூலையில் உள்ள 'ஈ' வட அமெரிக்காவில் கேம்களுக்கு வயது முத்திரை போடும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு கொடுப்பது. ஐரோப்பியப் பெட்டியென்றால் அங்குள்ள பெகி அமைப்பின் முத்திரை, பெகி 3 என்றிருக்கும். இலங்கையில் வீடியோ கேமுக்கு வயது முத்திரை போடும் அமைப்பு கிடையாது. யூனிட்டி பிளாசாக் கடைகளில் வாங்கினாலும் நம் கைக்கு வருவது அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான். இவை பார்ப்பது வன்முறை, கெட்ட வார்த்தை, பாலியல், போதைப்பொருள், சூது போன்றவற்றை. கூடைப்பந்தில் இவை எதுவும் பெரிதாக இல்லை, ஆகவே கீழ்மட்ட வயது கிடைத்துவிடுகிறது. கேம் கடினமா, சின்னக் கைக்கு எட்டுமா, பிள்ளைக்கு விளங்குமா என்பது கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பெகியே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பெகி 3 என்றால் மூன்று வயதுப் பிள்ளை விளையாடும் என்று அர்த்தமில்லை. மூன்று வயதுப் பிள்ளை பார்த்தால் கெட்டுவிடாது என்பதுதான் அர்த்தம்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் உண்டு, அவற்றில் குலுக்கல் முறையில் கிடைப்பவையும் அடங்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். வட அமெரிக்கப் பெட்டியென்றால், விளையாடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்ளலாம் என்று இன்னொரு வரி இருக்கும். கேமுக்குள் வாங்குவது பற்றிய வரியை இரு அமைப்புகளும் 2018இல் கொண்டுவந்தன, குலுக்கல் பற்றியதை 2020இல் சேர்த்தன. முன்பக்கத்தின் பெரிய எழுத்தைவிட இந்த இரண்டு வரிகள்தான் உங்களுக்கு முக்கியம்.

இனி டிஸ்குக்குள் போவோம். பிளே நவ் என்பது நேரடி ஆட்டம்: இரண்டு அணியைத் தெரிவு செய்து விளையாடுவது. லேக்கர்ஸோ டொரோன்டோ ரப்டர்ஸோ, எது வேண்டுமோ அது. 2கே20 பதிப்பு முதல் டபிள்யூஎன்பிஏ பெண்கள் அணிகளும் உண்டு, மகளுக்குக் காட்டலாம். இந்தப் பகுதியில் காசு கேட்பதில்லை, கதை இல்லை. இணையம் இல்லாமலேயே ஓடும். ஏழு வயதுக்கு இது போதும். உண்மையில் இந்தத் தொடரின் சிறந்த பகுதியும் இதுதான்.

மைகரியர் என்பது ஒரு வீரனை உருவாக்கி வளர்ப்பது. பிள்ளைகள் அதற்குத்தான் ஓடுவார்கள், தங்கள் பெயரையும் முகத்தையும் போடலாம் என்பதால். அங்கே இரண்டு சிக்கல். ஐந்து பேரில் ஒருவனாக மட்டுமே ஆட வேண்டும். பந்து உங்களிடம் வராது, காத்திருக்க வேண்டும். தவறான இடத்தில் நின்றால், தேவையில்லாமல் பந்து கேட்டால், அணித்தோழன் மதிப்பெண் ஏ, பி, சி என்று இறங்கிக்கொண்டே வரும்; பயிற்றுநர் வெளியே எடுத்துவிடுவார். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏன் இறங்கியது என்று விளங்காது, வெளியே போட்டார்கள் என்பது மட்டும் விளங்கும். இடையில் வரும் கதைக் காட்சிகளும் பத்திரிகையாளர் கேள்வி, முகவர், விளம்பர ஒப்பந்தம் என்று பெரியவர்களின் பேச்சு. கெட்டது என்று சொல்ல முடியாது, சின்னப் பிள்ளைக்குச் சலிப்பு.

இரண்டாவது சிக்கல் காசு. அந்த வீரன் 60 என்ற மதிப்பில் தொடங்குவான். 60 என்றால் சும்மா நின்று எறிந்தாலும் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும். ஏற்ற வேண்டும் என்றால் விசி என்ற கேம் நாணயம் வேண்டும். ஆடிச் சம்பாதிக்கலாம், ஆனால் ஒரு ஆட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம், தேவைப்படுவதோ இலட்சக்கணக்கில். பக்கத்திலேயே கடை திறந்திருக்கும். 75,000 விசி ஏறக்குறைய 20 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 6,000 ரூபா. அதை வைத்து வீரனை ஓரளவு மட்டுமே ஏற்றலாம். அதே விசியில்தான் சப்பாத்தும் சட்டையும் வாங்குவது என்பதால், பிள்ளை முதலில் சப்பாத்துக்குச் செலவழித்துவிட்டு வீரன் இன்னும் 60இலேயே நிற்கிறான் என்று அழுவான். அடுத்த வருடம் புதிய பதிப்பு வந்தால் இந்த விசி எதுவும் அதற்கு வராது.

மைடீம் இன்னும் மோசம். அது அட்டை சேர்க்கும் விளையாட்டு. அட்டைகள் அடங்கிய ஒரு பொதியை, அதாவது பக்கெட்டை, வாங்கினால் அதற்குள் எந்த வீரர் இருப்பார் என்று தெரியாது. மரகதம், நீலம், மாணிக்கம், வைரம் என்று கற்களின் பெயரில் தரம் பிரித்திருக்கும். பக்கெட் பிரியும்போது திரை இருண்டு, வெளிச்சம் மெல்ல ஏறி, அட்டை திரும்புவதற்கு முன் நிறம் மட்டும் காட்டும். அந்த ஒரு நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், திரையைப் பார்க்க வேண்டாம். எதைப் பழக்குகிறார்கள் என்பது அங்கே தெரியும். பெல்ஜியத்தில் 2018இல் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் காசுக்கு விற்கும் இப்படியான குலுக்கல் பெட்டிகளைச் சூது என்று சொன்னதும், அந்த நாட்டில் மட்டும் விசி கொடுத்துப் பக்கெட் வாங்கும் வசதியைக் கேமை வெளியிடும் 2கே நிறுவனம் நிறுத்திவிட்டது. கேம் அதன் பிறகும் ஓடியது. ஆக அது இல்லாவிட்டாலும் கேமுக்கு ஒன்றும் குறைவதில்லை. அவுஸ்திரேலியாவில் 2024 செப்டெம்பர் 22 முதல், காசு வாங்கிக் குலுக்கல் கொடுக்கும் கேம்கள் புதிதாக வகைப்படுத்தப்படும்போது குறைந்தது 'எம்' முத்திரை பெற வேண்டும். 15 வயதுக்குக் கீழே பரிந்துரை இல்லை என்பது அதன் பொருள். ஒரே அம்சத்துக்கு ஓரிடத்தில் மூன்று வயதும் இன்னோரிடத்தில் பதினைந்தும் போட்டிருக்கிறார்கள் என்றால், முத்திரையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது தெளிவு.

2019இல் 2கே20இன் மைடீம் விளம்பரக் காட்சியில் சுழல் சக்கரமும் சூதாட்டக் கூடத்து இயந்திரங்களைப் போன்றவையும் வெளிப்படையாக வந்தன. முறைப்பாடு வந்தபோது, சூது முத்திரைக்கான தங்கள் வரையறைக்குள் அது வரவில்லை என்று பெகி பதில் சொன்னது. விதிப்படி சரியாக இருக்கலாம். நம் வீட்டு விதி வேறாக இருக்கலாமே.

நான்காவது, சிட்டி என்ற இணைய நகரம். பழைய கொன்சோல்களில் அதற்கு நெய்பர்ஹுட் என்று பெயர். உலகெங்கும் உள்ளவர்கள் நடமாடுவார்கள், கடைத்தெரு உண்டு, தினமும் ஒருமுறை சுழற்றும் பரிசுச் சக்கரம் உண்டு, மைக்கில் கதைப்பவர்களும் உண்டு. ஆட்டத்தில் தோற்றவர்கள் வாயில் என்ன வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சின்னப் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம்.

சரி, இவற்றை எப்படி மூடுவது? கொழும்பில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிளேஸ்டேஷனின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. எனவே இங்கே எல்லோரும் அமெரிக்கா, பிரித்தானியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் என்று ஏதோ ஒரு நாட்டைப் போட்டுக் கணக்குத் திறக்கிறார்கள். கடைக்காரரே கொன்சோலோடு ஒரு கணக்கையும் திறந்து கொடுப்பதும் உண்டு. அந்தக் கணக்கில் பிறந்த வருடம் 1990 என்றோ வேறென்றோ பெரியவர் வயதாக இருக்கும். பிள்ளை அதில் விளையாடினால், கொன்சோலைப் பொறுத்தவரை அவன் முப்பது தாண்டிய ஆள். எந்தத் தடையும் அவனுக்கு இல்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் பெயரில் உங்கள் சரியான வயதோடு ஒரு கணக்கு. நாட்டை டிஸ்க் வந்த பிராந்தியத்துக்குப் பொருத்தித் தெரிவு செய்யுங்கள். கனடா டிஸ்க் என்றால் அமெரிக்க அல்லது கனடாக் கணக்கு. கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. பிராந்தியம் மாறினால் டிஸ்க் ஓடும், ஆனால் அந்தக் கணக்கில் வாங்கும் மேலதிகப் பொருட்கள் அந்த டிஸ்கோடு சேராமல் போகலாம். பிறகு செட்டிங்ஸில் ஃபெமிலி அன்ட் பேரன்டல் கொன்ட்ரோல்ஸ், அதற்குள் ஃபெமிலி மனேஜ்மன்ட் போய், மகனை உங்கள் கணக்கின் கீழே பிள்ளைக் கணக்காகச் சேர்த்து உண்மையான பிறந்த திகதியைக் கொடுங்கள். அங்கே நான்கு விடயம் பார்க்க வேண்டும். மாதச் செலவு எல்லை பூச்சியமாக இருக்கிறதா. மற்றவர்களோடு கதைப்பதும் செய்தி அனுப்புவதும் தடுக்கப்பட்டிருக்கிறதா. வயது எல்லை அவனுக்குப் பொருத்தமா. விளையாடும் நேரம் குறித்திருக்கிறதா. செலவு எல்லை சாதாரணமாகப் பூச்சியத்தில்தான் தொடங்கும், இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதோடு நின்றால் பாதி வேலைதான். பிள்ளை உங்கள் கணக்கைத் தெரிவு செய்து உள்ளே போய்விட்டால் இந்தத் தடை ஒன்றும் இல்லை. உங்கள் கணக்குக்கு நான்கு இலக்கக் கடவு எண் வையுங்கள். வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கொன்சோல் கட்டுப்பாடுகளுக்கும் ஒரு கடவு எண் உண்டு. அது பெட்டியிலிருந்து வரும்போது 0000. பிள்ளைகளுக்கு இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், மாற்றிவிடுங்கள். புதிய பயனாளரைச் சேர்ப்பதையும் அங்கேயே தடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவனே வயது கூட்டிப் புதிய கணக்கு ஒன்றைத் திறப்பான். வங்கிக் கார்டைக் கணக்கில் ஏற்றி வைக்காதீர்கள். உங்களுக்கு ஏதும் வாங்க வேண்டுமென்றால் தேவையான தொகைக்குக் கிஃப்ட் கார்ட் எடுங்கள். கார்டின் நாடும் கணக்கின் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு யாராவது பிள்ளைக்கே கிஃப்ட் கார்ட் கொடுத்தால் அது விசிக்குத்தான் வேண்டும் என்பான். உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கொடுப்பதானால் இரண்டாவது கொன்ட்ரோலர் கொடுக்கட்டும்.

பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் பகுதிகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். மைடீம் பக்கெட் கடை அதனால் மூடாது, அதற்குச் செலவு எல்லைதான் பூட்டு. இன்னும் எளிய வழி, முதல் முறை ஏற்றி முடிந்ததும் கொன்சோலின் வைஃபையை நிறுத்திவிடுவது. பிளே நவ் அதன் பிறகும் ஓடும், மற்ற பாதிக் கடைத்தெரு காணாமல் போகும்.

ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய பதிப்புகள் ஏறக்குறைய 150 ஜிபி வரை இடம் பிடிக்கும். டிஸ்க் இருந்தாலும் மேலே பெரிய அப்டேட் இறங்கும். மாத அளவு உள்ள இணையப் பொதியில் ஏற்றினால் மிச்ச மாதம் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. இரவுக்கென்று தனி அளவு தரும் பொதி இருந்தால் இரவில் விடுங்கள். உங்கள் கொன்சோல் டிஜிட்டல் எடிஷன் என்றால் அதில் டிஸ்க் போடும் இடமே இல்லை. சித்தப்பா வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே பலருக்குப் பிடிக்காத ஒரு யோசனை சொல்கிறேன்: பழையதை வாங்குங்கள். ஒவ்வொரு பதிப்பும் வெளியாகி இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஆனதும் 2கே அதன் இணைய சேவரை நிறுத்திவிடும். 2கே22க்கு 2023 டிசம்பர் 31இல் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் மைடீம் இல்லை, இணைய நகரம் இல்லை, விசிக் கடை இல்லை. விளையாடுபவர்கள் திட்டுவார்கள், நியாயம்தான். ஆனால் ஏழு வயதுக்கு வாங்கும் பெற்றோருக்கு அதைவிடப் பாதுகாப்பான டிஸ்க் கிடையாது. பிளே நவ் அப்படியே இருக்கும், வளையம் அதே உயரம். பாவித்த டிஸ்க் விற்கும் கடைகளில் இவை புதிய பதிப்பின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும், ஏனென்றால் வேறு யாருக்கும் அவை தேவையில்லை. வீரர்கள் சிலர் இப்போது வேறு அணியில் இருப்பார்கள், அவ்வளவுதான் குறை. வாங்கும்போது டிஸ்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். வட்டமாகச் சுற்றிப் போகும் கீறல்தான் ஆபத்து. நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் தொந்தரவு தராது.

இனி கை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 2கேயில் பந்தோடு ஓட இடது பெருவிரலால் ஸ்டிக், வேகமாக ஓட வலது சுட்டுவிரலால் ஆர்2, எறிய வலது பெருவிரலால் சதுரப் பொத்தான். மூன்றும் ஒரே நேரத்தில். எறியும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் ஏறும் அளவுகோல் உச்சிக்கு வரும் நொடியில் விட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஓடுவதையும், குறுக்குப் பொத்தானால் பந்து கொடுப்பதையும் முதல் நாளிலேயே பிடித்துவிடும். அழுத்திப் பிடித்து விடுவதற்குச் சில நாள் ஆகும். ஆர்2வைப் பெரும்பாலும் மறந்துவிடும், அல்லது முழு நேரமும் அழுத்தி வீரனைக் களைக்க வைத்துவிடும். இரண்டும் சகஜம், திருத்த வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் சுட்டுவிரல் ஆர்2வுக்கு எட்டுவதே கஷ்டம்.

ஆட்டத்தைப் பிள்ளைக்கேற்ப அமைக்க, கடினத்தை ரூக்கிக்கு இறக்குங்கள், அதுதான் அடிமட்டம். அதில் எறியும் நொடி கொஞ்சம் தப்பினாலும் பந்து விழும். ஒரு குவாட்டரை, அதாவது ஆட்டத்தின் கால் பங்கை, 3 நிமிடமாக வையுங்கள். நான்கு குவாட்டர், 12 நிமிடம் என்று காகிதத்தில் தெரிந்தாலும் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் உண்மையில் இருபது நிமிடத்துக்கு மேல் போகும். நேரக் கட்டுப்பாட்டையும் இதற்கேற்பக் கணக்கிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் கொன்சோல் தானாக மூடினால் அழுகை உறுதி, அது பிள்ளையின் பிழையும் அல்ல. "அரை மணித்தியாலம்" என்பதைவிட "ஒரு ஆட்டம்" என்பது ஏழு வயதுக்கு நன்றாக விளங்கும். பாட்டுகளின் சத்தத்தைப் பூச்சியமாக்குங்கள். கெட்ட வார்த்தைகள் வெட்டப்பட்டிருந்தாலும் அந்த வரிகள் வீட்டில் முணுமுணுப்பதற்கு ஏற்றவை அல்ல. வர்ணனை இருக்கட்டும், ஆங்கிலம் காதில் விழும்.

எவ்வளவு பழகியும் எறிந்தால் எப்போதும் பிந்துகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், டிவியைப் பாருங்கள். பல டிவிகள் படத்தை மெருகேற்றுவதற்காகக் கொஞ்சம் தாமதித்தே காட்டும். நாடகம் பார்க்கும்போது தெரியாது. நொடி பார்த்துப் பொத்தானை விடும் கேமில், பிள்ளை பார்க்கும் அளவுகோல் ஏற்கெனவே கடந்துபோனது. டிவியின் படத் தெரிவுகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். பிள்ளைக்குத் திறமை போதாது என்று நினைத்த பல வீடுகளில் பிரச்சினை இதுதான்.

இரண்டாவது கொன்ட்ரோலர் இருந்தால் பிள்ளைக்கு எதிராக ஆடாதீர்கள், ஒரே அணியில் சேருங்கள். தொடங்கும் திரையில் இரண்டு கொன்ட்ரோலரையும் ஒரே பக்கத்துக்குத் தள்ளலாம். நீங்கள் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க, அவன் எறியட்டும். ஐந்து வயது மகளையும் இப்படிச் சேர்க்கலாம்: அவளுக்குப் பந்து கொடுக்கும் பொத்தான் மட்டும். எதிரெதிராக ஆடும் அண்ணன் தங்கை சண்டை, ஒரே அணியில் பாதியாகக் குறையும். முழுதாகக் குறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

விதிகள் பற்றி ஒரு சின்ன விடயம். இங்கே பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் அதிகம் பார்ப்பது வலைப்பந்து. இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தால் அந்த ஆட்டம் வீடுகளுக்குள்ளும் அறிமுகம். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, பந்தோடு ஓடவும் கூடாது. கூடைப்பந்தில் தட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். வலைப்பந்து பார்த்த பிள்ளை பந்து வந்ததும் நின்றுவிடும், 24 நொடி முடிந்து பந்து மற்ற அணிக்குப் போகும். தட்டலை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் பிழை, 24 நொடிக்குள் எறிய வேண்டும். இந்த இரண்டை மட்டும் முதலில் சொல்லிக் கொடுங்கள், மிச்சத்தை ஆட்டமே காட்டும்.

டிஸ்க் வேண்டாம், கைத்தொலைபேசியில் ஏதாவது இலவசக் கேம் போட்டுக் கொடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: அது இதைவிட மோசமான தெரிவு. இலவசக் கூடைப்பந்துக் கேம்களில் கடைதான் கேம். என்பிஏயின் பெயரில் வரும் இலவசக் கேம்களும் அட்டைப் பக்கெட் முறைதான். பாஸ்கெட்போல் ஸ்டார்ஸ் போன்ற ஒற்றைக்கு ஒற்றை ஆட்டங்களில் ஒவ்வொரு முறையும் நாணயத்தைப் பந்தயம் வைத்தே உள்ளே போக வேண்டும்; தோற்றால் போச்சு. நாணயம் பொய், பழக்கம் மெய். கட்டாயம் போனில்தான் என்றால், அன்ட்ரொயிட்டில் பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் கேமுக்குள் வாங்குவதை முழுதாகத் தடுக்கலாம். போன் மீதியில் கழியும் முறை பிளே ஸ்டோரில் இணைந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கார்ட் இல்லை என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில் ரீலோட் காசு கரைவது இப்படித்தான். தவறிப் போய்விட்டால், பிளே ஸ்டோரில் 48 மணித்தியாலத்துக்குள் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அதன் பிறகு கேம் செய்தவர்களோடுதான் கதைக்க வேண்டும்.

நின்டெண்டோ சுவிட்ச் இருக்கும் வீடென்றால் ஐந்து வயதுக்கு வேறு வழி இருக்கிறது. நின்டெண்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸில் 2024 ஜூலையில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. கையை மேலே தூக்கி எறிவதுபோல் வீச வேண்டும், பொத்தான் குறைவு. மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாமல் விளையாட விடாதீர்கள், வெள்ளவத்தை மாடிவீட்டு முன்னறையில் டிவிக்கும் பிள்ளைக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்காது. சிலர் என்பிஏ 2கே பிளேகிரவுண்ட்ஸ் 2 என்ற கேமைச் சொல்வார்கள். இரண்டுக்கு இரண்டு, பெரிய தலை, வானத்துக்குப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க்; ஆட்டம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் வீரர்களைத் திறப்பது அங்கேயும் குலுக்கல் பக்கெட்டில்தான், ஆகவே மேலே சொன்ன பூட்டுகள் அதற்கும் வேண்டும்.

கொடுப்பதற்கு முன் பிள்ளை உறங்கிய பிறகு அரை மணித்தியாலம் நீங்களே தொட்டுப் பாருங்கள், விளையாடத் தெரியாவிட்டாலும். பிள்ளைக் கணக்கில் உள்ளே போய், முதல் திரையிலிருந்து விசி வாங்கும் இடத்துக்கு எத்தனை பொத்தானில் போகலாம் என்று எண்ணுங்கள். வாங்கு என்று அழுத்துங்கள், தடுக்கிறதா பாருங்கள். தடுக்காவிட்டால் எங்கோ ஒரு பூட்டு விழவில்லை. பிறகு பிளே நவ்வில் ஒரு ஆட்டத்தை ரூக்கியில் தொடங்கி, ஒரு குவாட்டர் முடிய உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டம் ஏறும்போது வரும் விளம்பரங்களையும் கவனியுங்கள். 2கே21இல் தாண்ட முடியாத விளம்பரத்தைப் போட்டு நிறுவனம் பிறகு அதைத் திருத்துவதாகச் சொல்ல வேண்டி வந்தது.

கொடுத்த பின் முதல் இரண்டு வாரம் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: பிள்ளை எதைப் பற்றிக் கதைக்கிறான். "அந்தத் த்ரீ (மூன்று புள்ளி எறி) விழுந்தது", "ஏன் அதைப் பிழை என்றார்கள்" என்றால் கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "எத்தனை விசி இருக்கு", "இன்றைக்குச் சக்கரம் சுத்தவில்லை" என்றால் எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. திட்ட வேண்டாம், அமைப்பைத் திரும்பப் பாருங்கள். தோற்றதும் கொன்ட்ரோலரை எறிந்தால் அன்றைக்கு அது போதும். அடுத்த நாள் இன்னும் எளிதான எதிரணியைப் போடுங்கள்.

நேரம் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும் என்பது. பொத்தான் அழுத்துவது அதில் சேராது. உண்மையான பந்து வாங்குவதானால் 7ஆம் அளவு வேண்டாம், அது பெரிய ஆண்களுக்கு. ஏழு வயதுக்கு 5ஆம் அளவே அதிகபட்சம், சின்னக் கையென்றால் 3 அல்லது 4. மினி கூடைப்பந்தில் வளையத்தை 2.60 மீற்றரில் வைப்பார்கள். பள்ளிக்கூடத்து வளையம் 3.05 மீற்றர். அதில் எறிய வைத்தால் முதல் நாளிலேயே மனம் விட்டுப்போகும்.

செப்டெம்பர் வந்ததும் புதிய 2கே வெளியாகும், வகுப்பில் யாரோ வாங்கியிருப்பான், வீட்டிலும் கேட்பார்கள். வெளியாகும்போது 70 டொலர், நம் காசில் 21,000 ரூபா. பிளே நவ் மட்டும் ஆடும் பிள்ளைக்கு மாறுவது அணிப் பட்டியலும் சட்டையும்தான். அதே பதிப்பு சில மாதம் பொறுத்தால் பெருந்தள்ளுபடிக்கு வரும். இரண்டு மூன்று பதிப்பைத் தாண்டி ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளைக்கு விளையாட்டில் ஒன்றும் குறையாது.